வாசகர் கேள்வி – பதில்: ஓயாங் ஸியுவானின் கல்லும் கணக்கும்

சென்ற இதழில் நிலவு மண்ணைப் பற்றிய பதில் ஒன்றில், சீனத்துப் புவிவேதியியல் அறிஞர் ஓயாங் ஸியுவானின் பெயர் ஒரே வரியில் வந்து போனது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பழைய வேலூர் மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் கேள்விகள் ஒரே திசையில்தான் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஐயா, ஓயாங் ஸியுவான் என்பவர் யார்? அவரைச் 'சீன நிலவுப் பயணத்தின் தந்தை' என்று ஒரு நாளேட்டில் படித்தேன். தாங்களோ புவிவேதியியல் அறிஞர் என்று எழுதினீர்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும்? – ஒரு வாசகர், குடியாத்தம்

இரண்டும் உண்மைதான். முதலாவது செய்தித்தாள்கள் சூட்டிய பட்டம். இரண்டாவது அவருடைய தொழில். 1935இல் ஜியாங்சி மாநிலத்தின் ஜிஆன் பகுதியில் பிறந்தவர் அவர். 1952இல் பள்ளிப்படிப்பை முடித்தபோது, புதிய சீன அரசு தொழிற்சாலைகளுக்கு வேண்டிய இரும்பையும் செம்பையும் நிலக்கரியையும் தேடித்தர இளைஞர்களை அழைத்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டுதான் தொடங்கப்பட்டிருந்த பெய்ஜிங் நிலவியல் கல்லூரியில் அவர் சேர்ந்தார். 1956இல் பட்டம் பெற்றபின் சீன அறிவியல் கழகத்தின் நிலவியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவராகி, யாங்சி ஆற்றின் நடு, கீழ்ப் பகுதிகளில் உள்ள இரும்பு, செம்புத் தாதுக்கள் எப்படி உருவாயின என்பதை ஆராயத் தொடங்கினார்.

ஆக, அவர் நிலவை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர் அல்லர். சுரங்கத்துக்குள் குனிந்து நடந்து பழகியவர். 1957 அக்டோபரில் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோதுதான், பூமியின் பாறையிடம் கேட்கும் கேள்விகளை ஒருநாள் பிற கோள்களின் பாறைகளிடமும் கேட்க முடியும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. அப்போது சீனத்திடம் செயற்கைக்கோளும் இல்லை, அதை ஏவும் ராக்கெட்டும் இல்லை. வானத்திலிருந்து தாமாக வந்து விழும் கற்கள்தான் கைக்கு எட்டின. எனவே அவர் விண்கற்களைப் படிக்கத் தொடங்கினார். நிலவுத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்த 2004ஆம் ஆண்டுக்கும் இந்தத் தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடக்கிறது. என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய பகுதி பட்டத்துக்கு முந்தைய அந்த நீண்ட இடைவெளிதான்.

நிலவியல் என்றால் புரிகிறது. புவிவேதியியல் என்று தனியாக ஒன்று எதற்கு? சீனத்தில் அத்துறையை வளர்த்தவர் இவர்தானா? – ஒரு பள்ளி ஆசிரியர், திருப்பத்தூர்

தங்கள் ஊரையே சான்றாகக் கொள்ளலாம். திருப்பத்தூருக்கு அருகே செவ்வாத்தூரில் வெர்மிகுலைட் என்னும் கனிமத்தை வெட்டியெடுக்கும் இடம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்குள்ள கார்பனடைட் என்னும் பாறை ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக எழுந்து வந்து இறுகியது. அது கார்பனேட் கனிமங்களால் ஆனது என்பதையும், சுற்றியுள்ள பாறைகளை அது எப்படி ஊடுருவியிருக்கிறது என்பதையும் நிலவியலாளர் சொல்லிவிடுவார். அதற்குள் பைரோகுளோர் என்ற கனிமமாக நையோபியமும், அபடைட்டாகப் பாஸ்பரசும் வந்து சேர்ந்தது ஏன், சில மைல் தொலைவில் உள்ள சாதாரண கருங்கல்லில் அவை அப்படிச் சேராதது ஏன் என்று கேட்பவர் புவிவேதியியலாளர். ஒரு தனிமம் இந்த இடத்தில், இந்த அளவில், எந்த வழியாக வந்து தங்கியது என்பதே அத்துறையின் கேள்வி. நார்வேயில் பணியாற்றிய கோல்ட்ஷ்மிட்டும் ரஷ்யாவின் வெர்னாட்ஸ்கியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதற்கு அடித்தளம் இட்டார்கள்.

சீனத்தில் அதை வேரூன்றச் செய்தவர்களைச் சொல்வதானால், ஓயாங்குக்கு முன் அவருடைய ஆசிரியர் தூ குவாங்ஜியைச் சொல்ல வேண்டும். 1920இல் பிறந்த தூ, போர்க்காலத்தில் குன்மிங் நகரில் இயங்கிய தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1949இல் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டே தாய்நாடு திரும்பினார்; பின்னர் மாஸ்கோவிலும் பயின்றார். அமெரிக்கப் பயிற்சியும் சோவியத் பயிற்சியும் ஒருங்கே பெற்றவர்கள் அக்காலச் சீனத்தில் அரிது. அறிவியல் கழகம் 1966இல் உள்நாட்டு மலை மாநிலமான குய்ஜோவின் தலைநகர் குய்யாங்கில் புவிவேதியியலுக்கென்றே ஒரு நிறுவனத்தை அமைத்தபோது, அதைக் கட்டி எழுப்பியவர்களுள் தூ முதன்மையானவர். குறிப்பிட்ட பாறை அடுக்கோடு ஒட்டியே அமையும் தாதுப் படிவுகளைப் பற்றி அவர் குழு செய்த ஆய்வுக்கு 1987இல் சீனத்தின் இயற்கை அறிவியல் முதற்பரிசு கிடைத்தது. ஜெர்மானியம், தாலியம் போன்ற அருகிய தனிமங்கள் பிற தாதுக்களில் சிறு துணுக்காகக் கலந்திருக்குமே தவிர, தமக்கெனப் படிவு அமைக்க மாட்டா என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. தென்மேற்குச் சீனத்தின் படிவுகளைக் காட்டி அக்கருத்தை மாற்றியதும் தூவின் குழுதான். அவர் 2007 ஜூலையில் காலமானார். மாணவரின் விண்கலம் நிலவுக்குப் புறப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில்.

ஓயாங் அணுகுண்டுச் சோதனையிலும் பங்கெடுத்தார் என்கிறார்களே, கல்லை ஆராய்பவருக்கு அங்கே என்ன வேலை? – ஒரு வாசகர், இராணிப்பேட்டை

இராணிப்பேட்டையிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தமே. தங்கள் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த துயரம் ஊரறிந்தது. குரோமியம் மூன்றிணைதிற வடிவில் இருக்கும்போது பெரும்பாலும் நீரில் கரையாமல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். ஆறிணைதிற வடிவுக்கு மாறிவிட்டால் கரைந்து, நிலத்தடி நீர் போகும் வழியெல்லாம் போகும். தனிமம் ஒன்றே ஆயினும் அதன் வேதி வடிவத்தைப் பொறுத்தே கிணறு தப்புவதும் கெடுவதும் இருக்கிறது.

ஓயாங்கின் குழுவிடம் 1960களில் ஒப்படைக்கப்பட்ட பணியும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். சீனம் தன் முதல் அணுகுண்டை 1964 அக்டோபரில் லாப் நூர் பாலைவனத்தில் வெட்டவெளியில் வெடித்தது. அடுத்து நிலத்தடியில் வெடிக்க முடிவாயிற்று. அதற்கு ஏற்ற பாறை எது, வெடிப்பின் வெப்பத்தில் அந்தப் பாறை உருகிக் கண்ணாடியாகும்போது கதிரியக்கத் தனிமங்களில் எவை அதற்குள் சிறைப்படும், செனான், கிரிப்டான் போன்ற வாயுக்கள் எந்த விரிசல் வழியாகக் கசியும், ஸ்ட்ரான்சியமும் சீசியமும் நிலத்தடி நீரோடு எவ்வளவு தொலைவு போகும், வழியில் களிமண் கனிமங்கள் அவற்றைப் பிடித்து நிறுத்துமா என்பனவெல்லாம் புவிவேதியியல் கேள்விகள். 1969 செப்டம்பரில் நடந்த முதல் நிலத்தடிச் சோதனைக்கு இடம் தேர்ந்த நிலவியல் பணிக்கு அவர் தலைமை தாங்கினார். நீண்ட காலம் வெளியே பேசக்கூடாத வேலை அது.

நிலத்தடியில் வெடிப்பது வெட்டவெளியில் வெடிப்பதைவிடக் கேடு குறைந்தது என்பது உண்மை. அதனால் அது நல்ல காரியமாகிவிடாது. அவருடைய வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் எழுதுவோர் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவர் தொழிலின் ஒரு பாதி இங்கேதான் பழுத்தது என்பதால் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2016 பிப்ரவரியில் எங்கள் ஊருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒருவர் இறந்தார். விண்கல் என்று அரசு அறிவித்தது. இல்லை என்று அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் கருதினார்கள். ஓயாங் போன்ற ஒருவர் இதை எப்படித் தீர்த்திருப்பார்? – ஒரு வாசகர், நாட்றம்பள்ளி

அந்த நிகழ்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலை அன்று. வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போல இருப்பதாகச் சொன்னார்கள் என்பது வரை உண்மை. ஆனால் 'எப்படித் தீர்ப்பார்' என்ற கேள்விக்கு விடை தெளிவானது. அதற்கு 1976ஆம் ஆண்டின் ஜிலின் நிகழ்வைவிடச் சிறந்த சான்று இல்லை.

அவ்வாண்டு மார்ச் 8ஆம் நாள் பிற்பகலில் வடகிழக்குச் சீனத்தின் ஜிலின் நகர்ப்புறத்தில், பலர் பார்த்திருக்க, வானத்திலிருந்து கற்கள் பொழிந்தன. மிகப் பெரிய கல்லின் எடை 1,770 கிலோ; உறைந்திருந்த வயல் மண்ணைத் துளைத்து ஆறு மீட்டருக்கும் கீழே போய்க் கிடந்தது. விழுவதைக் கண்டவர்கள் இருக்க, மீட்கப்பட்ட கல்வகை விண்கற்களுள் அதைவிடக் கனமான ஒற்றைக்கல் வேறு இல்லை. இத்தனைக்கும் ஓர் உயிருக்கும் சேதமில்லை. ஓயாங்கின் தலைமையில் ஆய்வுக்குழு அங்கே சென்றது.

விண்கல்லா இல்லையா என்று அறிய முதலில் பார்ப்பது மேல்தோலை. காற்றுமண்டலத்தில் உராய்ந்து உருகியதால் மெல்லிய கருந்தோல் படிந்திருக்கும். உடைத்துப் பார்த்தால், இவ்வகைக் கற்களில் கடுகு போன்ற உருண்டைகளும் உலோகத் துணுக்குகளும் தெரியும். அந்த உலோகம் வெறும் இரும்பாக இராது, நிக்கல் கலந்திருக்கும். பட்டறையில் செய்த சாதாரண இரும்பில் அந்த அளவு நிக்கல் கிடையாது. இவை எல்லாவற்றிலும் உறுதியானது, விண்வெளியில் காஸ்மிக் கதிர்கள் தாக்கியதால் கல்லுக்குள் உண்டான அலுமினியம்-26, சோடியம்-22 போன்ற கதிரியக்க ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வடிவங்கள்). சோடியம்-22 மூன்றாண்டுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே ஒரு கல்லில் அது மிகுதியாக இருந்தால், கல் வானத்திலிருந்து வந்தது என்பதோடு, அண்மையில்தான் வந்தது என்பதும் தெரிந்துவிடும். விழுந்த கல்லைத் தாமதிக்காமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போவதும், கண்டவர் கையெல்லாம் படவிடாமல் காப்பதும் இதனால்தான் முக்கியம்.

ஜிலின் கல்லில் சீன ஆய்வாளர்கள் இதோடு நிற்கவில்லை. பெருங்கல்லைத் துளைத்து, மேற்பரப்பிலிருந்து உட்பகுதி வரை காஸ்மிக் கதிர் விட்ட தடம் எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். ஜெர்மானிய ஆய்வுக்கூடங்களும் இந்தப் பணியில் சேர்ந்தன. அளவுகள் ஒற்றைக் கதையில் அடங்கவில்லை. அந்தக் கல் முதலில் ஒரு பெரிய விண்பொருளின் மேற்பரப்பை ஒட்டிப் புதைந்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கதிர் பட்டுக் கிடந்தது. பிறகு சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட மோதலில் பெயர்ந்து, எல்லாப் பக்கமும் கதிர் படும்படி தனியே அலைந்து, கடைசியில் பூமியில் விழுந்தது என்ற இரு கட்ட வரலாறு தெளிவாயிற்று. யாரும் பார்த்திராத ஒரு மோதலைச் சில ஐசோடோப்புகளின் விகிதத்தைக் கொண்டு காலம் குறித்துச் சொல்லிவிட்டார்கள். நிலவுப் படங்களைவிட எனக்கு வியப்பளிப்பது இந்தக் கணக்குத்தான்.

ஒரு கூடுதல் செய்தி: ஜிலின் கல் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1976 ஜனவரி 28 அன்று, குஜராத்தின் தஜாலாவிலும் விண்கற்கள் விழுந்தன. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் அவற்றைத் திரட்டி இதே வழிகளில் ஆராய்ந்தார்கள். இத்துறையில் நாமும் கைகட்டி நிற்கவில்லை.

அமெரிக்கா கொடுத்த ஒரு கிராம் நிலவுக்கல் கதை உண்மையா? – ஒரு கல்லூரி மாணவி, காட்பாடி

உண்மை. 1978 மே மாதம் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெஜின்ஸ்கி பெய்ஜிங் சென்றபோது, தலைவர் ஹுவா குவோஃபெங்கிடம் தெளிந்த பிளாஸ்டிக்கில் பதித்த சிறு நிலவுக்கல் ஒன்றைப் பரிசாகத் தந்தார். கல்லின் எடை ஒரு கிராம். அது எந்தப் பயணத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம் தங்களுக்குத் தரப்படவில்லை என்று ஓயாங் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கல் குய்யாங்குக்கு, அவர் கைக்கு வந்தது. அதில் பாதியைத்தான் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மறுபாதி பொதுமக்கள் பார்க்கும்படி பெய்ஜிங் கோளரங்கத்தில் வைக்கப்பட்டது.

அந்த அரை கிராமை வெட்டியும் மெருகேற்றியும் கதிரியக்கமூட்டியும் அளந்து, அது 1972 டிசம்பரில் அமெரிக்காவின் அப்பல்லோ 17 பயணம் கொண்டுவந்த பாறையைச் சேர்ந்தது என்று கண்டார்கள். இது எப்படி முடியும் என்று வியப்பாக இருக்கும். நிலவின் எரிமலைப் பாறைகள் எல்லாம் ஒரே கலவை அல்ல. அவற்றுள் பசால்ட் என்னும் கரும்பாறையில் டைட்டானியம் மிகுந்த வகை அப்பல்லோ 11, அப்பல்லோ 17 ஆகிய இரு பயணங்களில்தான் பெருமளவில் கிடைத்தது. அங்கிருந்து வயதையும் அருந்தனிம விகிதங்களையும், அமெரிக்கர்கள் ஏற்கெனவே அச்சிட்டிருந்த முடிவுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போனால் வட்டம் சுருங்கும். பெரிய கருவிகள் இல்லாத காலத்தில் ஒரு தலைமுறை ஆய்வாளர்களுக்கு அந்தத் துணுக்கே பள்ளிக்கூடமாக இருந்தது.

2020 டிசம்பரில் சீன விண்கலமான சாங்-இ 5 நிலவின் புயற்கடல் எனப்படும் சமவெளிப் பகுதியிலிருந்து 1,731 கிராம் கொண்டு திரும்பியது. அந்தப் பசால்ட்டின் வயது ஏறத்தாழ 203 கோடி ஆண்டு என்று அளவிட்டார்கள். அப்பல்லோவும் சோவியத் லூனாவும் கொண்டுவந்த பசால்ட்டுகள் 300 கோடிக்கு மேற்பட்டவை. சிறிய கோளமான நிலவு அவ்வளவு பிற்காலத்திலும் எரிமலைக் குழம்பைக் கக்கும் வெப்பத்தை எப்படித் தக்கவைத்தது? யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை ஆழத்தில் குவிந்து சூடேற்றியிருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். மாதிரியை ஆராய்ந்தபோது, அக்குழம்பு தோன்றிய ஆழத்தில் அவை அப்படிக் குவிந்திருக்கவில்லை என்று தெரிந்தது. கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2024 ஜூனில் சாங்-இ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் கொண்டுவந்தது. அங்கே 280 கோடி ஆண்டு வயதுடைய பசால்ட் கிடைத்திருக்கிறது.

விண்கலத்தை வடிவமைத்தவரும் அவரேயா? – ஒரு வாசகர், சத்துவாச்சாரி

அல்லர். சீனத்தின் முதல் நிலவுக்கலமான சாங்-இ 1 திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் சுன் ஜியாதோங். தலைமைத் தளபதி லுவான் என்ஜியே. ஓயாங் தலைமை அறிவியலாளர். நிலவில் எதை அளக்க வேண்டும், அதற்கு எந்தக் கருவி வேண்டும் என்று வகுப்பது அவர் பொறுப்பு. ஆகவேதான் அந்தக் கலத்தில் கேமராவோடு, தனிமங்களைத் தொலைவிலிருந்தே அறியும் காமா, எக்ஸ் கதிர் நிறமாலைமானிகளும், நிலவு மண்ணின் தடிமனை மதிப்பிட நுண்ணலைக் கருவியும் இடம்பெற்றன. சுரங்கத்தில் கற்ற கேள்விதான் இங்கேயும் வேலை செய்தது. ஒப்புதலுக்காக 1990களில் அவர் எழுதிய அறிக்கைகள் பல. செலவைப் பற்றிக் கேட்டவர்களிடம், 140 கோடி யுவான் என்பது பெய்ஜிங்கில் இரண்டு கிலோமீட்டர் சுரங்க ரயில் பாதை போடும் தொகைதான் என்பார்.

2007 அக்டோபர் 24 அன்று புறப்பட்ட கலத்தின் முதல் படம் நவம்பர் 26இல் வெளியானது. அமெரிக்கப் படத்தைப் பார்த்து எடுத்தது என்று இணையத்தில் வதந்தி கிளம்ப, இதில் பழைய படத்தில் இல்லாத புதிய பள்ளம் ஒன்று தெரிகிறதே என்று ஓயாங் பதில் சொன்னார். அது புதிய பள்ளம் அன்று, படத்துண்டுகளை ஒட்டும்போது இடம் தவறி விழுந்த பழைய பள்ளம் என்று வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் காட்டினார். அமெரிக்கப் படத்தில் அந்தப் பிழை இல்லாததால், படம் சொந்தமானதே என்பது அதனாலேயே உறுதிப்பட்டது. ஓயாங்கின் விளக்கம்தான் பிழையாகிப்போயிற்று. கலம் 2009 மார்ச் 1 அன்று திட்டமிட்டபடி நிலவில் மோதி முடிந்தது.

அவர் பெயரில் ஒரு குறுங்கோள் இருக்கிறதாமே, காவலூரிலிருந்து பார்க்கலாமா? – ஒரு வாசகர், ஆலங்காயம்

8919 என்ற எண்ணுள்ள குறுங்கோள் அவர் பெயரைத் தாங்குகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, காவலூரில் உள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி போன்ற கருவிக்கு எட்டும். அதைவிட, 1988இல் காவலூரிலிருந்தே கண்டுபிடிக்கப்பட்டு, கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட 4130ஆம் குறுங்கோளைத் தாங்கள் தேடலாம். அது காவலூர் இருக்கும் ஜவ்வாது மலைக்கே உரியது.

நிலவில் ஹீலியம்-3 குவிந்து கிடக்கிறது, உலகின் மின்தேவையைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குத் தீர்க்கும் என்று அவர் சொன்னதாகக் காணொளிகள் வருகின்றன. நம்பலாமா? – ஒரு வாசகர், ஆம்பூர்

சொன்னார் என்பது உண்மை, பலமுறை சொன்னார். அந்தப் பேச்சில் நான் அவரோடு உடன்படவில்லை. சூரியக் காற்று நிலவு மண்ணில் ஹீலியம்-3ஐப் பதித்து வைத்திருப்பது சரி. ஆனால் அளவு நூறு கோடியில் சில பங்கு. தாராளமாகப் பத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டன் ஹீலியம்-3 பெற 10 கோடி டன் மண்ணை அள்ளி நூற்றுக்கணக்கான டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். அப்படிக் கொண்டுவந்ததை அணுக்கருப் பிணைப்பில் எரிக்கும் உலை உலகில் எங்கும் இல்லை. அதைவிட எளிதான டியூட்டீரியம்–டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கனமான வகைகள்) பிணைப்பிலேயே மின்சாரம் எடுக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள். செறிவைப் பார்க்காமல் மொத்த இருப்பைச் சொல்லக்கூடாது என்பது தாதுவியலின் முதற்பாடம், அது ஓயாங்குக்குத் தெரியாததல்ல. திட்டத்துக்குப் பணம் கேட்டு நின்றவருக்கு ஆட்சியாளர் காதில் ஏறும் ஒரு காரணம் வேண்டியிருந்தது என்றே நான் கருதுகிறேன்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் விரும்பிப் படிக்கிறாள். இத்துறைக்குப் போக வழி உண்டா? – ஒரு தாய், வாணியம்பாடி

உண்டு, அம்மா. சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் இளங்கலை இருக்கிறது. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகமும் அண்ணா பல்கலைக்கழகமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நிலவியலே படிக்க வேண்டும் என்பதும் இல்லை. வேதியியலில் முதுகலை முடித்தவர்கள் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேதியியலாளராகச் சேரலாம். ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால் ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், மேலே சொன்ன அகமதாபாத் ஆய்வுக்கூடமும் முனைவர் பட்டத்துக்கு மாணவர்களை எடுக்கின்றன. சந்திரயான்-3 நிலவில் இறக்கிய ஊர்தியில் தனிமங்களை அளந்த கருவிகளுள் ஒன்று அகமதாபாத்தில் உருவானதுதான். பள்ளி விடுமுறையில் ஒருமுறை மகளைச் செவ்வாத்தூர்ப் பக்கம் அழைத்துப் போய்ப் பாறைகளைக் காட்டுங்கள். சுரங்க எல்லைக்குள் நுழைய மட்டும் முன்கூட்டி அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.